பேட்டரிக்குப் பல் பிடித்துப் பார்த்த கதை

இந்த மார்கழியில் பாரியூர் அம்மன் கோயில் குண்டம் நோம்பிக்கு, அதாவது தீ மிதிக்கிற திருவிழாவுக்குப் போனேன், ஆனால் குண்டத்தைப் பார்க்கவில்லை. கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை ஓடவிட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அணைத்தால் மறுபடி கிளம்பாது. வீட்டில் எல்லாரும் கும்பிட்டு முடித்து, திருநீறும் குங்குமமுமாகத் திரும்பி வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் டீசல் எரிந்துகொண்டிருந்தது, போகிறவர் வருகிறவர் எல்லாம் 'இவனுக்கு இருக்கற வசதியப் பாரு' என்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

நடந்தது இதுதான். எங்கள் வீடு குன்னத்தூரில். அத்தைக்குக் குண்டம் இறங்குகிற வேண்டுதல், அதனால் வெடியால மூன்றரைக்கே எல்லாரும் குளித்துக் கிளம்பி, அத்தை மஞ்சள் சேலையோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாயிற்று. சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டேஷ்போர்டில் விளக்கெல்லாம் எரிகிறது, ஹாரன் கூட அடிக்கிறது, இன்ஜினைக் கிளப்புகிற செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. இன்னொரு தடவை. டக். பானெட்டைத் தூக்கி செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் பேட்டரி மேலே இருக்கிற அந்தச் சின்னக் கண்ணாடிக் கண் பச்சைப் பசேல் என்று இருக்கிறது. "பச்சை காட்டுதுல்ல, பேட்டரி நல்லாத்தான் இருக்குது, செல்ஃப் மோட்டார்தான் போயிருக்கும் மாப்ள" என்றார் மாமா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்தப் பச்சைக் கண்ணைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இதை நம்பித்தான் ஏமாறுகிறோம். நம் கார் பேட்டரி 12 வோல்ட் என்றால் அது ஒரே பெட்டி கிடையாது, உள்ளே ஆறு அறை, ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் எச்சா. கண் எட்டிப் பார்ப்பது அதில் ஒரே ஒரு அறைக்குள். அந்த அறையில் ஆசிட் கெட்டியாக இருந்தால் உள்ளே இருக்கும் பச்சைக் குண்டு மிதந்து மேலே வரும், நமக்குப் பச்சை தெரியும். மிச்சம் ஐந்து அறையில் ஒன்று செத்துக் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எங்களுக்கு அன்றைக்கு நடந்தது அதுதான்.

பக்கத்து வீட்டு அண்ணன் காய்கறி லோடு ஏற்றுகிற குட்டியானை வைத்திருக்கிறார். அவரை எழுப்பி, அவர் வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி, ஒயர் போட்டோம். சிவப்பை பிளஸ்ஸுக்கும் பிளஸ்ஸுக்கும், கருப்பின் ஒரு முனையை அவர் பேட்டரி மைனஸுக்கும், இன்னொரு முனையை நம் வண்டி இன்ஜின் இரும்பிலும் கடித்துவிட வேண்டும், செத்த பேட்டரியின் மைனஸில் நேராக மாட்டக் கூடாது. கடைசியாக மாட்டுகிற இடத்தில்தான் பொறி தெறிக்கும், பேட்டரி மேலே ஹைட்ரஜன் இருந்தால் வெடிக்க வாய்ப்பு உண்டு. ஐந்து நிமிஷத்தில் வண்டி கிளம்பியது. அப்படித்தான் நான் வேப்பமரத்தடிக் காவலனானேன்.

அன்று பொழுதோட ஊர் எலக்ட்ரீசியனிடம் வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பேட்டரிக்கு என்ன வயசுங்க?" எனக்குப் பதில் தயாராக இருந்தது. வண்டியை 2023இல் திருப்பூரில் ஒருவரிடம் செகண்ட்ஸில் வாங்கினேன். வாங்கும்போது அந்த மனுஷன் பானெட்டைத் தட்டி, "பேட்டரி போன வருஷந்தானுங்க மாத்துனேன், அதுக்கெல்லாம் இன்னும் மூணு வருஷத்துக்குக் கவலையே இல்லீங்க" என்று சொன்னது காதிலேயே நிற்கிறது. அப்படியென்றால் 2022, மூன்றரை வயது, நம்ம ஊர் வெயிலுக்கு நியாயமான சாவுதான்.

எலக்ட்ரீசியன் கந்தல் துணியில் கொஞ்சம் தண்ணீர் தொட்டு பேட்டரியின் மேல்மூடி ஓரத்தைத் துடைத்தார். தூசியும் எண்ணெய்ப் பிசுக்குமாகக் கால் அங்குலத்துக்கு இருந்தது. டார்ச்சைச் சாய்த்து அடித்தார். பிளாஸ்டிக்கில் சூடாக அழுத்தின மாதிரி ஒரு எழுத்து, ஒரு எண்: K9. பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க, வண்டி ஆர்சி கையில இருக்குதா?" எடுத்துக் கொடுத்தேன். தயாரித்த மாதம், வருஷம் என்ற இடத்தில் 12/2019. "மாத்தவே இல்லீங்க. கம்பெனியில வண்டிக்கு வெச்சு அனுப்புன பேட்டரியே இதுதான்."

K என்பது ஆங்கில எழுத்து வரிசையில் பதினொன்று. A ஜனவரி, B பிப்ரவரி, அப்படியே போனால் K நவம்பர், L டிசம்பர். 9 என்பது வருஷத்தின் கடைசி எண். 2019 நவம்பரில் பிறந்த பேட்டரி, 2019 டிசம்பரில் பிறந்த வண்டியில் ஏறியிருக்கிறது. நான் வாங்கும்போதே அதற்கு மூன்றரை வயது, குண்டத்தன்றைக்கு ஆறு வயது இரண்டு மாதம். திருப்பூர்க்காரர் மேல் கோபப்படுவதா, இந்தப் பேட்டரிக்கு ஒரு மாலை வாங்கிப் போடுவதா என்று தெரியவில்லை.

எனக்கு அதைவிட என் மேல்தான் கோபம். ஏனென்றால் நான் மாட்டுக்காரர் வீட்டுப் பேரன். எங்கள் அப்புச்சி, அம்மாவைப் பெற்ற தாத்தா, காங்கயத்துப் பக்கம், கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும் தொண்டுப்பட்டி என்கிற மாட்டுப் பட்டியுமாக இருந்தவர். சின்ன வயசில் கருங்கல்பாளையம் சந்தைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே எந்த ஆளும் மாட்டுக்காரனிடம் 'இதுக்கு என்ன வயசு' என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால் கேட்டவன்தான் ஏமாளி. நேராகப் போய், மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, கீழ் உதட்டை விரலால் மடித்து, பல்லைப் பார்ப்பார்கள். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழேதான் எட்டு. பால்பல் விழுந்து நடுவில் பெரிய பல் இரண்டு வந்தால் இரண்டு பல்லு, சுமார் இரண்டு வயது. அப்புறம் நாலு பல்லு, ஆறு பல்லு. எட்டும் வந்துவிட்டால் கடை சேர்ந்தது, நாலரை ஐந்து வயது ஆகியிருக்கும். அதற்கு மேல் பல்லை எண்ணிப் பிரயோசனமில்லை, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். பசுவாக இருந்தால் கொம்பில் வளையம் எண்ணி எத்தனை ஈத்து என்று கணக்குப் போடுவார் அப்புச்சி. இதெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் கை மேல் துண்டு போட்டு மூடி, விரல் பிடித்து விலை பேசுவது.

அப்படிப்பட்டவரின் பேரன், லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வண்டி வாங்கும்போது, பேட்டரியின் வாயைத் திறந்து பார்க்காமல் விற்கிறவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

சரி, இந்தப் பல் எங்கே இருக்கும், எப்படி எண்ணுவது என்று இந்த ஒரு மாதமாக, கண்ணில் பட்ட பேட்டரியை எல்லாம் துடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று முடிவே பண்ணிவிட்டார்கள். எழுத்துக்கு மாதம், எண்ணுக்கு வருஷம் என்பது பழைய வழக்கம், உலகத்தில் பல கம்பெனிகள் இதைத்தான் வைத்திருக்கின்றன. இதில் ஒரு சின்ன வில்லங்கம் உண்டு. I என்கிற எழுத்து 1 என்ற எண் மாதிரியே தெரிகிறது என்று சில கம்பெனிகள் அதைத் தாண்டிவிடுவார்கள், அங்கே J செப்டம்பர் ஆகி, M டிசம்பர் ஆகிவிடும். ஒரு மாதம் முன்னே பின்னே போவதால் நமக்கு ஒன்றும் குடி முழுகாது. சில பேட்டரியில் எழுத்தே கிடையாது, 0823 என்று மாதமும் வருஷமும் எண்ணாகவே இருக்கும். சிலதில் வாரக் கணக்கு. சிலதில் நீளமான சீரியல் நம்பருக்குள்ளே ஒளித்து வைத்திருப்பார்கள், அதை அந்தக் கம்பெனி டீலரிடம் கேட்டால்தான் பிரித்துச் சொல்வார். எழுத்து இருக்கிற இடமும் ஒன்று போல இருக்காது. மேல்மூடி, பக்கவாட்டு விளிம்பு, சில சமயம் ஒயர் மாட்டுகிற ஈயக் குமிழான டெர்மினல் மேலேயே. ஸ்டிக்கரில் தேடுவதை விட பிளாஸ்டிக்கிலோ ஈயத்திலோ அழுத்தியிருப்பதைத் தேடுங்கள், பாத்திரக் கடையில் பேர் வெட்டின மாதிரி, அதுதான் அழியாது, மாற்றி ஒட்டவும் முடியாது.

புதுப் பேட்டரி கடையில் வாங்கும்போது இவ்வளவு துப்பறியத் தேவையில்லை. 2011இல் வந்த எடையளவுச் சட்ட விதிப்படி பொட்டலமாக விற்கிற பொருள் மேல் விலையோடு தயாரித்த மாதமும் வருஷமும் அச்சிட வேண்டும், அட்டைப்பெட்டி மேலோ பேட்டரி மேலோ அந்தத் தாள் இருக்கும். அதையும் அழுத்தின எழுத்தையும் ஒத்துப் பார்த்துக்கொண்டால் போதும். இன்னொரு தாளும் பார்த்திருப்பீர்கள், ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டு, வருஷங்களும் போட்டு, கடைக்காரர் மார்க்கரில் வட்டம் போட்டோ ஆணியால் கீறியோ கொடுப்பது. அது விற்ற தேதி, பிறந்த தேதி கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

வருஷத்துக்கு ஒரே ஒரு எண் போடுவது என்ன கஞ்சத்தனமோ. 9 என்றால் 2019ஆ 2009ஆ என்று யார் சொல்வது? என் வண்டி பிறந்ததே 2019 என்பதால் தப்பித்தேன். டயர்க்காரர்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள், வாரத்துக்கு இரண்டு எண், வருஷத்துக்கு ஒரே எண். 2000இலிருந்து நாலு எண்ணாக மாற்றிவிட்டார்கள், டயர் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் 2219 என்று இருந்தால் 2019ஆம் வருஷத்தின் 22ஆம் வாரம். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் அதையும் குனிந்து ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியைக் கட்டாயம் பாருங்கள், ஓடாத டயர் என்பதால் அது பெரும்பாலும் பொய் சொல்லாது.

ஒற்றை எண் என்றதும் அப்புச்சியின் டிராக்டர் பேட்டரி ஞாபகம் வந்துவிட்டது. அப்போதெல்லாம் பேட்டரி கடையில் காய்ந்துதான் இருக்கும். உள்ளே தகடு மட்டும், ஆசிட் இருக்காது. நாம் போய்ப் பணம் கட்டினால் கடைக்காரர் கண் முன்னாலேயே ஆறு மூடியையும் திருகி, ஜாடியிலிருந்து ஆசிட் ஊற்றி, சார்ஜில் போட்டு, "நாளைக்கு வந்து எடுத்துக்குங்க" என்பார். அதனால் அந்தக் காலத்துப் பேட்டரி கம்பெனியில் எப்போது செய்தார்கள் என்பது பெரிய சங்கதியே இல்லை, ஆசிட் ஊற்றின அன்றைக்குத்தான் அது பிறந்த மாதிரி. அப்புச்சி மறுநாள் போய் வாங்கி வந்ததும், மாட்டுவதற்கு முன்னால், சட்டைப்பையிலிருந்து ஒரு ஆணி எடுத்து டெர்மினல் தலையில் கீறுவார். ஈயம்தானே, நகம் வைத்து அழுத்தினாலே பதியும் போல மெத்தென்று இருக்கும். பிளஸ் தலையில் 'வெகு', மைனஸ் தலையில் 'தை'. கிளாம்ப் மாட்டின பிறகும் தலை வெளியே தெரியும் என்பதால் எழுத்து தெரியும்.

நான் ரொம்ப நாள் வெகு என்பது பேட்டரிக் கம்பெனியின் பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெகுதானிய வருஷம் தை மாதம். 1999 ஜனவரி பாதிக்கு மேல். கம்பெனிக்காரன் கணக்கு பத்து வருஷத்துக்கு ஒரு முறை சுற்றி வந்து குழப்பும், அப்புச்சி கணக்கு அறுபது வருஷத்துக்கு ஒரு முறைதான் சுற்றும். எந்தப் பேட்டரியும் அதுவரை உயிரோடு இருக்கப் போவதில்லை.

இப்போது வருகிற பேட்டரி பெரும்பாலும் கம்பெனியிலேயே ஆசிட் ஊற்றி, சார்ஜ் ஏற்றி, மூடி சீல் வைத்து வருகிறது. அதனால் அது பிறந்த நாளிலிருந்தே கிழடு தட்ட ஆரம்பித்துவிடுகிறது, கடை அலமாரியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும். யாரும் தொடாவிட்டாலும் தானாக சார்ஜ் இறங்கும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. இறங்கின நிலையிலேயே கிடந்தால் தகட்டின் மேல் ஈய சல்ஃபேட் படியும். சார்ஜ் போட்டால் கரையக்கூடியதுதான் அது. நாள் கணக்கில் விட்டால் இறுகிக் கல்லாகிவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அந்த இடம் வேலை செய்யாது. 1859இல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே என்பவர் இரண்டு ஈயத் தகட்டைச் சுருட்டி ஆசிடில் முக்கிச் செய்த பேட்டரிக்கு இருந்த அதே வியாதிதான், பெட்டி மட்டும்தான் பளபளப்பாகியிருக்கிறது. ஒழுங்கான கடைக்காரர் சில மாதத்துக்கு ஒரு முறை எடுத்து சார்ஜ் போட்டு வைப்பார். எல்லாரும் ஒழுங்கா என்ன?

அடுத்தது, வயசு மட்டும் தெரிந்துவிட்டால் போதுமா என்றால் போதாது. கடை சேர்ந்த மாட்டுக்குத் தேய்மானம் பார்க்கிற மாதிரி இதற்கும் ஒரு தேய்மானக் கணக்கு இருக்கிறது, அதற்கு ஒரு மல்டிமீட்டர் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டு, காலையில் சாவியைத் தொடுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். ஓட்டி நிறுத்தின உடனே அளந்தால் மேலோட்டமாகத் தங்கியிருக்கிற சார்ஜ் ஏமாற்றும். 12.6க்கு மேல் இருந்தால் நிறைசார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். அப்புறம் ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரையே பாருங்கள். அந்த ஓரிரு வினாடியில் வோல்ட் கீழே விழும். பத்துக்கு மேல் நின்றால் நல்லது, 9.6க்குக் கீழே விழுந்தால் இந்தப் பேட்டரியோடு ராத்திரிப் பயணம் வேண்டாம். வண்டி ஓடும்போது 13.8இலிருந்து 14.4 வரைக்கும் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் குற்றம் பேட்டரி மேல் இல்லை, ஓடும்போது சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் மேலோ அதைச் சுற்றுகிற பெல்ட் மேலோ. பாவம், புதுப் பேட்டரி வாங்கி மாட்டி, அதுவும் ஒரு வாரத்தில் படுத்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் பாதிப்பேர் இதைப் பார்க்காதவர்கள்தான்.

என் பேட்டரியை எலக்ட்ரீசியன் அன்றைக்கு அளந்து காட்டினார். சும்மா இருக்கும்போது 12.3. பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும். செல்ஃப் அடித்ததும் 7க்குக் கீழே போய் விழுந்தது. ஒரு அறை போய்விட்டது என்றார்.

ஆனாலும் ஆறு வருஷம் எப்படித் தாங்கியது? நம் பக்கம் மூன்று வருஷம் ஓடினாலே நன்றி சொல்கிற நிலைமை. நாங்கள் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். நான் தினமும் குன்னத்தூரிலிருந்து திருப்பூர் போய் வருகிறேன், பனியன் கம்பெனியில் வேலை. ஒரு நடைக்கு முக்கால் மணி நேரம் ஓட்டம், செல்ஃப் அடிக்க எடுத்ததைப் போல் பல மடங்கு சார்ஜ் திரும்ப ஏறிவிடும். கம்பெனியில் நிறுத்துவது தகர ஷெட்டுக்குள், வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிப் புளியமர நிழல். மாமாவின் கார் இதற்கு நேர் எதிர். கல்யாணம், காதுகுத்து, நோம்பி என்றால்தான் வெளியே எடுப்பார், மற்ற நாளெல்லாம் வாசலில் வெயிலில் நிற்கும். "எச்சா ஓட்டறதே இல்ல, ஆனாலும் பேட்டரி ரெண்டரை வருஷத்துல போயிடுது" என்று அவர் புலம்புவார். ஓட்டாததால்தான் போகிறது மாமா. நிற்கிற வண்டியிலும் கடிகாரம், ரிமோட் லாக், அலாரம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

வெயிலும் ஒரு பெரிய காரணம். சூடு பத்து டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுசு பாதி என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற பொள்ளாச்சியில் ஓடுகிற வண்டியும், சித்திரையில் வெப்பநிலைச் செய்தியில் முதல் வரிசையில் வருகிற கரூர் பரமத்தியில் ஓடுகிற வண்டியும் ஒரே நாளில் பேட்டரி மாற்றினால் இரண்டும் ஒரே நாளில் சாகாது. இதில் வேடிக்கை என்னவென்றால், பேட்டரியைக் கொல்வது சித்திரை, பழி மார்கழி மேல். வெயிலில் உள்ளே கெட்டுப்போனது அப்போதைக்கு வெளியே தெரியாது. குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டியாகி, செல்ஃபுக்குக் கொஞ்சம் எச்சா சக்தி தேவைப்படும்போதுதான் சாயம் வெளுக்கிறது, அதுவும் வெடியால மூன்றரைக்கு, அத்தை மஞ்சள் சேலையோடு உட்கார்ந்திருக்கும்போது.

நடுவில் ஒன்று. நண்பன் ஒருவன் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிறான். அவனுடையது லித்தியம், அதற்கும் நாள் கணக்கு உண்டுதான், ஆனால் எத்தனை தரம் ஏற்றி இறக்கினோம் என்பதுதான் பெரிய கணக்கு. அவன் ஆப்பில் பேட்டரியின் ஆரோக்கியம் என்று ஒரு சதவீதம் காட்டுகிறது. காட்டட்டும், அந்த எண்ணைச் சொல்வதும் விற்ற கம்பெனிதானே.

மறுநாள் புதுப் பேட்டரி வாங்கப் போனேன், அப்பாவும் கூட வந்தார். எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். கடைப் பையன் உள்ளேயிருந்து ஒன்றைத் தூக்கி வந்து கவுண்டர் மேல் வைத்தான், பளபளவென்று பிளாஸ்டிக் உறையோடு. நான் உறையை விலக்கி விளிம்பில் தேடினேன். B5. தாளில் பார்த்தேன், 02/2025. பதினொரு மாதமாக அங்கேயே குடியிருக்கிறது.

"அண்ணா, இது போன பிப்ரவரி சரக்குங்க. வேற கொண்டு வாங்க."

கடைக்காரர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "வாரண்டி இன்னைக்குத் தேதியிலிருந்துதானுங்க தம்பி. பேட்டரி எப்ப செஞ்சா உங்களுக்கு என்னங்க?"

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. வாரண்டி விற்ற தேதியிலிருந்துதான் ஓடும், பில் பத்திரமாக இருந்தால். ஆனால் நாலு வருஷ வாரண்டி என்று போட்டிருப்பதில் முதல் பாதியில் போனால்தான் சும்மா மாற்றித் தருவார்கள், அப்புறம் போனால் ஓடின மாதத்துக்கு விகிதம் பிரித்துக் கழித்துக்கொண்டு மிச்சப் பணத்தை நம்மிடம் வாங்கிவிடுவார்கள். பதினொரு மாதம் இளைத்த பேட்டரி அந்தப் பாதியைத் தாண்டி நொண்டினால் நஷ்டம் யாருக்கு? இதையெல்லாம் விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மீட்டர் இருந்தா வெச்சுப் பாருங்கண்ணா" என்று மட்டும் சொன்னேன். வைத்தார். 12.38. அவரே ஒன்றும் பேசாமல் பையனை மறுபடி உள்ளே அனுப்பினார்.

இரண்டாவது வந்தது J5. அந்தக் கம்பெனி I எழுத்தையும் எண்ணுகிறது என்பதால் அக்டோபர், தாளிலும் 10/2025. மீட்டரில் 12.68. விலை இரண்டுக்கும் ஒன்றுதான், ஒரு ரூபாய் வித்தியாசமில்லை. கேட்டவனுக்கு ஒன்று, கேட்காதவனுக்கு இன்னொன்று.

பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார். உள்ளே இருக்கிற ஈயத்துக்கு விலை உண்டு, உருக்கித் திரும்பப் பேட்டரியாகவே வந்துவிடும். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிப்படி பழசைத் திரும்ப வாங்க வேண்டியது தயாரிக்கிற கம்பெனியின் பொறுப்பும் கூட. அதனால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள், ஆசிடைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டிலேயே ரொம்ப காலம் ஒரு பழைய பேட்டரிப் பெட்டியில் துளசி வளர்ந்துகொண்டிருந்தது, ஈயம் எவ்வளவு பொல்லாதது என்று தெரிந்த பிறகுதான் தூக்கினோம். பெட்டி போய்ச் சேர்ந்தது, துளசியை நாங்கள் யாரும் தின்றதைப் பற்றி இப்போது பேசுவதில்லை.

வீட்டுக்கு வந்து வாசலில் பேட்டரியை இறக்கினேன். கடையிலேயே மாட்டித் தருகிறேன் என்றார்கள், நான்தான் வேண்டாம் என்றேன், ஒரு வேலை பாக்கி இருந்தது. அட்டாலியில் தேடி ஒரு இரண்டு அங்குல ஆணி எடுத்தேன். அப்புச்சி மாதிரியே பிளஸ் தலையில் வருஷம், மைனஸ் தலையில் மாதம். விசுவாவசு வருஷம் மார்கழி. முதலில் மைனஸில் 'மார்' என்று கீறினேன், ஈயம் சுருள் சுருளாக வந்தது, எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தாலும் படிக்க முடிந்தது. பிளஸ்ஸுக்கு வந்து 'விசு' என்று ஆரம்பித்தேன்.

அம்மா திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தது. "என்ன வருஷம் கீறற?"

"விசுவாவசும்மா. இடமில்ல, விசுன்னு போட்டுக்கறேன்."

"விசு வேற வருஷம் சாமி. உங்க அப்புச்சி விசு மாசில ஒரு பேட்டரி வாங்குனாரு, நீ அப்பப் பள்ளிக்கூடம் போயிட்டிருந்த. விசுன்னு கீறினா அது ரெண்டாயிரத்து ஒண்ணு ஆயிடும். இன்னும் ஒரு எழுத்தாவது சேத்து."

டெர்மினல் தலையில் இடம் ஒரு கடலைப் பருப்பு அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு 'வா' வைச் செதுக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது.